கோகிலாவின் அரை அங்குலம்

ஜப்பான்காரன் ஆண்ட அந்த நாளில் மலாக்காவில் கடிகாரம்கூட அவன் பேச்சைத்தான் கேட்டது. எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது கோகிலா இருந்த காஜா பேராங் பகுதியில் சேவலே பாதித் தூக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே வரிசையில் நின்று, கொடியை வணங்கி, தைசோ செய்ய வேண்டும். தைசோ என்றால் பயந்துவிடாதீர்கள். ஜப்பானிய உடற்பயிற்சி, அவ்வளவுதான்.

“இச்சி! நி! சான்! ஷி!”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோகிலாவுக்குத் தைசோ என்றால் கொள்ளை ஆசை. பதினொரு வயதுப் பெண், அவள் குரல்தான் வரிசையிலேயே பெரிய குரல். அன்றைக்கும் குனிந்து காலைத் தொடும் பயிற்சியில், எல்லாரும் நிமிர்வதற்குள் அவள் இரண்டு முறை தொட்டுவிட்டாள்.

பின்னால் வந்த பொன்னம்மா டீச்சர் சட்டென்று நின்றார்.

“கோகிலா, அப்படியே இரு. நிமிராதே.”

“நான் ஒண்ணும் பண்ணலயே டீச்சர்!”

“பேசாம குனி.”

டீச்சர் அவள் முதுகில் மெதுவாகக் கையை வைத்தார். முதுகின் வலப்பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பள்ளமாக இருந்தது. நிற்கும்போது யாருக்கும் தெரியவில்லை. குனிந்தால் தெரிந்துவிட்டது.

“அடிக்கடி முதுகு வலிக்குமாம்மா?”

“சாயங்காலத்துல வலிக்கும் டீச்சர். கிழங்கு சாப்பிட்டதால வாயுன்னு அம்மா சொல்லுவாங்க.”

பாவம், கிழங்கு! அரிசி கிடைக்காத காலம் அது. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். வயிறு வலித்தாலும் கிழங்கின் மேல்தான் பழி, பல் வலித்தாலும் கிழங்கின் மேல்தான் பழி.

மறுநாளே அம்மா நாகம்மா அவளை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கும் டிரெஸர் தேவதாஸ் கோகிலாவைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

“முதுகெலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கும்மா. சின்ன வளைவுதான். ஆனா இது வளர்ற வயசு. கவனிக்காம விட்டா வளைவும் கூட வளரும்.”

அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. “ஒருநாளும் என் கண்ணுல படலயே டிரெஸரய்யா! கவுன் போட்டா நேராத்தானே நிக்குது! ஆப்பரேஷன் பண்ணணுமா?”

“ஆப்பரேஷன் பண்ற டாக்டரும் இப்ப இல்ல, மருந்தும் இல்ல. இருந்தாலும் இவ்வளவு சின்ன வளைவுக்குக் கத்தி எதுக்கு? ஆசனமும் பயிற்சியும் இருக்கு. தினமும் விடாம செய்யணும். வளைவு கூடாம நின்னாலே நமக்கு வெற்றிதான்.”

அவர் அங்கேயே செய்து காட்டினார். நாலு காலில் நின்று பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்குவது ஒன்று. குப்புறப் படுத்துப் பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குவது ஒன்று. கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவது ஒன்று. இடது விலாவில் காற்று நிறையும்படி மூச்சு இழுப்பது ஒன்று. கடைசியாக ஒன்றைச் சொல்லும்போது விரலை நீட்டி எச்சரித்தார்.

“ஒருக்களிச்சுப் படுத்து, ஒரு கையை ஊனி உடம்ப அப்படியே பலகை மாதிரி தூக்கணும். இது வலக்கை ஊனி மட்டும். வலப்பக்கத்துக்கு மட்டும்தான் வேலை. இடப்பக்கம் செய்யக் கூடாது. ஞாபகம் இருக்குமா?”

“இருக்கும் டிரெஸரய்யா. எத்தனை மாசத்துல சரியாகும்?”

“செய்யறவங்களப் பொறுத்தது” என்று சிரித்தார் அவர். அடுத்த வாரமே அவரை ஜாசின் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வேறு யாரிடமும் போய்க் கேட்க வழியில்லை.

அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. பூனை மாதிரி நின்றால் எலும்பு நேராகுமா? அவருடைய சித்தி மகள் ஒருத்திக்குச் சின்ன வயதில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். கடைசியில் வானத்தையே பார்க்க முடியாமல் கூன் விழுந்து போனாளாம். அதை நினைத்து நினைத்து அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று.

அப்போதுதான் பாசார் கடைத்தெருவில் யாரோ ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் முதுகில் இரண்டு பலகை வைத்து இறுக்கிக் கட்டுவாராம். ஆறு மாதம் அசையாமல் படுத்துக் கிடந்தால் எலும்பு ஆணி மாதிரி நேராகிவிடுமாம்.

“ஆறு மாசமா!” கோகிலா அலறினாள். “பள்ளிக்கூடம்?”

“கிடையாது.”

“வெளையாட்டு?”

“படுத்துக்கிட்டு என்ன வெளையாட்டு?”

கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் அம்மா பலகையை இன்னும் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அம்மா, பொங்கல் வரைக்கும் டயம் குடுங்க. டிரெஸரய்யா சொன்னத ஒருநாள் விடாம செய்யறேன். வளைவு கூடிச்சுன்னா நானே பலகையில படுத்துக்கறேன்” என்றாள்.

“கூடிச்சா குறைஞ்சுதான்னு எப்படிடி தெரியும்?”

அதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். கோகிலாவின் அப்பா அப்பாசாமி தையல்காரர். ஜப்பான்காரர்களின் தையல் கொட்டகையில் இருட்டோடு போய் இருட்டும் நேரத்தில் திரும்புவார். அந்தத் தீபாவளிக்குப் புதுத் துணி எங்கே கிடைத்தது? ஜன்னல் திரையைக் கழற்றி மகளுக்கு ஒரு நீலக் கவுன் தைத்திருந்தார். போட்டுப் பார்த்தால் கீழோரம் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

“இந்தக் கவுன்தான் சாட்சி” என்றார் அம்மா. “இப்ப ஓரம் நேரா இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அளப்பேன். ஓரம் கோணிச்சுன்னா ஒன் முதுகு கோணிப் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் பலகைதான்.”

அளப்பதற்கு ஓர் ஈர்க்குச்சி. தரையிலிருந்து கவுனின் இடது ஓரம் வரை குச்சியை நிறுத்தி ஒடித்துக்கொள்வார். அதே குச்சியை வலப்பக்கம் வைத்துப் பார்ப்பார். முதல் வெள்ளிக்கிழமை இரண்டு பக்கமும் இம்மி பிசகவில்லை.

கோகிலா களத்தில் இறங்கிவிட்டாள். விடியும் முன்னே பூனை, பாம்பு. பள்ளிக்கூடம் விட்டதும் வலக்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி தூக்குவது. மற்ற நேரமெல்லாம் கதவு நிலையில் தொங்கல்.

“வீட்டுக்குள்ள போக வர வழி இல்ல, வாசல்ல வவ்வால் தொங்குது!” என்று அம்மா கத்துவார்.

“வவ்வால் தலைகீழா தொங்கும்மா. நான் நேரா தொங்கறேன்.”

“வாய் மட்டும் வளையல!”

துணைக்குக் காமாட்சி வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தெருவில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்துவிட்ட செட்டிக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். கோகிலாவோடு சேர்ந்து சேர்ந்து பாதித் தமிழ் வந்திருந்தது. அவளும் அதே உயரம், அதே வயது. முதுகு மட்டும் பாக்கு மரம் மாதிரி நேர்.

“நீ ஏன் செய்யறே? ஒனக்குத்தான் ஒண்ணுமில்லயே” என்று கோகிலா கேட்டாள்.

“நீ தனியா செஞ்சா போரிங்தானே. ரெண்டு பேர் செஞ்சா மெயின்” என்றாள் காமாட்சி. மெயின் என்றால் அவள் பேச்சில் விளையாட்டு.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒருக்களித்து வலக்கையை ஊன்றி உடம்பைத் தூக்குவார்கள். யார் முதலில் விழுவது என்று போட்டி. “இச்சி, நி, சான், ஷி” என்று எண்ணிக்கொண்டே போவார்கள். ஆரம்பத்தில் நாலு எண்ணுவதற்குள் கோகிலா தொப்பென்று விழுவாள். மாதம் ஒன்று போனதும் இருபது வரை எண்ணினாள். அதற்குள் காமாட்சி, “அலாமாக்! பெனாட்!” என்று பாயில் உருண்டுவிடுவாள். களைத்துப் போய்விட்டாளாம்!

சாயங்கால வலி மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது, வலியே இல்லை என்பது கோகிலாவுக்குத் திடீரென்று உறைத்தது. அவள் தூக்கிய வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு குதி குதித்தாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஈர்க்குச்சி வேறு கதை சொன்னது.

அம்மா குச்சியை வலப்பக்கம் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். “ஓரம் சரியில்லயே” என்றார் மெதுவாக. ஒரு நெல்மணி அளவுக்கு வித்தியாசம்.

“தரை மேடு பள்ளம்மா” என்றாள் கோகிலா.

அடுத்த வாரம் இடத்தை மாற்றி நின்றாள். வித்தியாசம் குறையவில்லை, கூடியிருந்தது. கோகிலா பயந்து போய்ப் பயிற்சியை இரண்டு மடங்காக்கினாள். அதற்கடுத்த வாரம் கோணல் இன்னும் கூடிற்று. என்ன அநியாயம் பாருங்கள்! செய்யச் செய்யக் கோணுகிறது!

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் முழுதாக அரை அங்குலம். குச்சி தேவையே இல்லை, கண்ணாலேயே தெரிந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

“போதும் கோகிலா. பூனையும் பாம்பும் போதும். நாளைக்குக் காலைல பலகைக்காரர் வருவார். நான் சொல்லி அனுப்பிட்டேன்.”

“அம்மா, எனக்கு வலியே இல்லம்மா!”

“கவுன் பொய் சொல்லுமா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கோகிலா நீலக் கவுனோடு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. ஆறு மாதம்! கூரையில் ஓடுகிற பல்லியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இருக்காது.

காமாட்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோழியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

அழுது முடித்தபின் கோகிலாவின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சில பேருக்கு அப்படித்தான், முகம் கழுவினால்தான் யோசனை வரும்.

“காமாட்சி, என் முதுகுல எந்தப் பக்கம் மேடு?”

“கானான்” என்று காமாட்சி தன் வலக்கையை ஆட்டிக் காட்டினாள்.

“வலப்பக்கம் தோள் தூக்கிக்கிட்டா, கவுனையும் சேத்துத் தூக்கும்தானே? அப்ப எந்தப் பக்கம் ஓரம் மேல ஏறணும்?”

“வலப்பக்கம்தான்.”

“இப்பப் பாரு!” கோகிலா எழுந்து நின்றாள். காமாட்சி குனிந்து பார்த்தாள். வலது ஓரம் மேலே ஏறவில்லை. கீழே தொங்கிக்கொண்டிருந்தது!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வலி கொறையுது. வலது தோள் கீழ எறங்குது. ஓரம் மட்டும் கோணுது” என்றாள் கோகிலா. “முதுகு சரியா இருந்து, கவுன் கோணலா இருந்தா?”

“ஒங்கப்பா நல்லா தைப்பாரே!”

“நல்லாத்தான் தைப்பார். இருந்தாலும் பாத்துடலாம். நீ நேரா இருக்கே. இதைப் போட்டுக்கோ.”

ஐந்தே நிமிடம். கோகிலா பழைய கவுனுக்கு மாறினாள். காமாட்சி நீலக் கவுனை மாட்டிக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து விறைப்பாக நின்றாள். கோகிலா ஈர்க்குச்சியை எடுத்து வந்தாள். அதற்குள் காமாட்சியே குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“அலாமாக்! பாஜு செங்கெட்!”

கவுன் கோணல்! அதுவும் எப்படிப்பட்ட கோணல்! கோகிலாவுக்கு அரை அங்குலம் இறங்கிய ஓரம், பாக்கு மரம் மாதிரி நேராக நிற்கும் காமாட்சிக்கு முழுதாக ஓர் அங்குலம் இறங்கியது.

கோகிலா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. “அம்மா! அம்மா, ஓடி வாங்க! காமாட்சிக்கும் கூன் விழுந்துடுச்சு!”

அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். நீலக் கவுனில் நிற்கும் காமாட்சியைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். ஈர்க்குச்சியைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தார். காமாட்சியைக் குனியச் சொல்லி முதுகைத் தடவினார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

“இதென்னடி கூத்து!”

சரியாக அந்த நேரத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கடிகாரம் எட்டு காட்டியது, வெளியே வெயில் இன்னும் போகவில்லை. டோக்கியோ நேரத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

“என்னங்க, இந்தக் கவுன நேராத்தானே தச்சீங்க?”

அப்பா கவுனைப் பார்த்தார். காமாட்சியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“கோகிலா கவுன இந்தப் புள்ள எதுக்குப் போட்டிருக்கு?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!”

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். “வலப்பக்கம் ஒரு இஞ்சு கூட விட்டுத்தான் தச்சேன். மூணு வருஷமா அப்படித்தான் தைக்கிறேன்.”

“மூணு வருஷமா!”

“அளவெடுக்கிறவனுக்குத் தெரியாதா நாகம்மா? இவளுக்கு எட்டு வயசாகும்போதே வலது தோள் ஏறியிருந்துச்சு. சாதாரணமா தச்சா கவுன் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். நாலு பேர் என் பொண்ணப் பாத்துக் கோணல்னு சொல்லிடக் கூடாதுன்னு, அந்தப் பக்கத்த நீளமா வெட்டிட்டேன். ஒங்கிட்ட சொன்னா நீ அழுவே. அதான் சொல்லல.”

அம்மா அகப்பையைக் கீழே போட்டார். “அப்ப மூணு மாசமா நான் ஈர்க்குச்சிய வெச்சு அளந்தது எதை?”

“அப்பா கோணலா தச்சதால நான் கோணலா இருந்தப்ப ஓரம் நேரா இருந்துச்சு” என்றாள் கோகிலா. “இப்ப நான் நேராக நேராக, ஓரம் கோணுது. நல்லா நேரா இருக்கிற காமாட்சிக்கு ஒரு இஞ்சு. எனக்கு அரை இஞ்சு. அப்படின்னா நான் பாதித் தூரம் வந்துட்டேம்மா!”

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. “ஓரம் கோணிடுச்சுன்னு நீ சொன்னப்ப நானும் பயந்துட்டேன் நாகம்மா. எந்தப் பக்கம்னு கேக்கத் தோணல. தச்ச எனக்கே புத்தி வேல செய்யல பாரு!” மகளின் தலையில் கை வைத்தார். “நான் மறைச்சிருக்கக் கூடாதும்மா. அன்னைக்கே டிரெஸர்கிட்ட காட்டியிருக்கணும்.”

“பரவாயில்லப்பா. யாரும் என்னைக் கேலி பண்ணக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க” என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் கோகிலா. “ஆனா இனிமே என்கிட்ட சொல்லிட்டுத் தைங்க.”

அம்மா அழுதார், சிரித்தார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். கோகிலாவை இழுத்து அணைத்துக்கொண்டு, “நேராகிட்டு வர்ற பொண்ணப் பலகையில கட்டப் பாத்தேனே!” என்றார். காமாட்சிக்கும் ஓர் அணைப்பு கிடைத்தது. அதோடு அடுப்பில் தீயத் தொடங்கியிருந்த கிழங்கில் நல்ல துண்டும் கிடைத்தது.

“பலகைக்காரர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன், வர வேணாம்னு” என்றார் அப்பா. “அதுக்கு முன்னாடி ஒரு வேலை. கோகிலா, சுவத்துப் பக்கம் வா. இந்தத் தடவை கவுன அளக்கல. ஒன்னத்தான் அளக்கப் போறேன்.”

கோகிலா வெறுங்காலோடு சுவரில் சாயாமல் நின்றாள். அப்பா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். தரையிலிருந்து இடது தோளுக்கு அளந்தார், பிறகு வலது தோளுக்கு அளந்தார். அம்மா டேப்பின் எண்களை எட்டிப் பார்த்தார்.

“இடது நாப்பத்து மூணு. வலது நாப்பத்து மூணரை.”

“மகள் சொன்னது சரிதான்” என்று அம்மா பெருமூச்சு விட்டார். உடனே கவலையும் வந்துவிட்டது. “ஆனா இன்னும் அரை இஞ்சு இருக்கே!”

“பொங்கலுக்கு இந்தக் கவுனப் பிரிச்சுத் தச்சுடறேன்” என்றார் அப்பா. மகளைத் தயக்கத்தோடு பார்த்தார். “வலப்பக்கம் அரை இஞ்சு கூட விடட்டுமாம்மா?”

கோகிலா கதவு நிலையை நோக்கி நடந்தாள். ஒரு துள்ளலில் எட்டிப் பிடித்துத் தொங்கினாள்.

“வேணாம்பா, நேராவே தைங்க. அந்த அரை இஞ்ச நான் பாத்துக்கறேன்.”